முகப்பரு மருந்தும் நமது கடமையும்

சட்டசபை விவகாரங்களையும் வரிச்சுமையையும் பற்றி எழுத வேண்டிய இப்பக்கத்தில் முகப்பருவைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைப்பவர்கள் சற்றுப் பொறுத்து முழுவதையும் படிக்குமாறு வேண்டுகிறோம். கோயமுத்தூர் நகரத்திலும், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம், காங்கயம் முதலிய ஊர்களிலும் மருந்துக் கடைகளில் சிறு குழாய்களில் விற்கப்படும் பருக் களிம்புகள் பலவற்றில் ஆண்டிபயாட்டிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்து அடங்கியிருக்கிறது. டாக்டரின் சீட்டு எதுவுமின்றி, “பருவுக்கு ஏதாவது கொடுங்கள்” என்ற ஒரு சொல்லின்மேல் அது கைமாறுவது இந்நாட்டில் யாரும் அறியாத ரகசியமன்று. வாங்குகிற வாலிபன் அதைப் பவுடருக்கும் சோப்புக்கும் இனமான பண்டமாகவே எண்ணுகிறான். உயிர் காக்கும் ஆயுதங்களுள் ஒன்று தன் சட்டைப் பையில் ஏறியிருக்கிறது என்று அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். இம்மருந்து நல்ல மருந்து. முறையறிந்து பூசினால் பயன் தரும். ஆனால் வைத்தியரின் யோசனையின்றியும், துணை மருந்தின்றியும், கால வரம்பின்றியும் பூசப்படுமானால், பூசுகிறவனுக்குப் பயனற்றுப் போவதோடு மற்றவர்களுக்கும் பயனற்றதாகிவிடும். ஊர்ப் பொதுக் குளத்து நீரைப் போன்றது ஆண்டிபயாட்டிக். ஒருவன் அதைக் கெடுத்தால் ஊரார் அனைவரும் தாகத்தால் வாட நேரும். ஆகவே இது முகத்தின் அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. பொதுச் சொத்தைக் காக்கும் விஷயமுமாகும்.

பரு என்பது யாது? அழுக்கினால் வருவதென்றும், தீய நினைவுகளால் வருவதென்றும் சிலர் கூறுவது வெறும் வதந்தி. பருவ வயதில் உடலில் ஏற்படும் மாறுதல்களின் தூண்டுதலால் முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்க்கால்களின் வாய் அடைபடுகிறது. அடைபட்ட எண்ணெயில், எல்லோருடைய தோலிலும் எப்போதும் குடியிருக்கும் ஒரு கிருமி பல்கிப் பெருகுகிறது. அதன் பயனாகச் சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. எண்ணெய் மிகுதி, அடைப்பு, கிருமி, அழற்சி என இவ்வாறு நான்கு காரணங்கள் சேர்ந்து ஒரு பருவை உண்டாக்குகின்றன. இந்நான்கையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொண்டால், பின்னால் நாம் கூறப்போவது எளிதில் விளங்கும்.

இதை அற்ப வியாதியென்று அலட்சியம் செய்வதும் தவறு. பரு முற்றி வடுவானால் அது ஆயுள் முழுவதும் முகத்தில் நிற்கும். கல்லூரியில் முன் வரிசையில் உட்காரக் கூசும் மாணவனும், பெண் பார்க்க வருவார் என்று அஞ்சிக் கண்ணாடி முன் கண்ணீர் விடும் யுவதியும், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்லத் தயங்கும் வாலிபனும் நமது வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பரிகசிப்பவர்களே அவர்களை ரகசியமாகக் கடைக்கு ஓடச் செய்கிறவர்கள். தகப்பனிடம் சொல்ல வெட்கம். வைத்தியரிடம் செல்லக் கூச்சம். ஆகவே கண்ட களிம்பை வாங்கிப் பூசுகிறார்கள். தவறான உபயோகத்திற்கு முதற் காரணம் இந்த வெட்கமே என்பது நமது துணிபு.

இனி மருந்தைக் கவனிப்போம். பருவுக்குப் பூசும் ஆண்டிபயாட்டிக்குகளில் இன்று பெரிதும் வழங்குவது கிளிண்டாமைசின். நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து கலந்த ஜெல்லாக அது விற்கப்படுகிறது. அமெரிக்க தேசத்தில் நெப்ராஸ்கா ராஜ்யத்து லிங்கன் நகர மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து லிங்கோமைசின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதைத் திருத்தி 1960-களில் செய்யப்பட்டதே கிளிண்டாமைசின். கிருமி தன் உடலுக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளாதபடி தடுப்பது இதன் வேலை. அழற்சியையும் ஓரளவு தணிக்கும். எலும்பில் புகுந்த சீழ்நோய்க்கும், தோலுக்கு அடியில் பரவும் புண்ணுக்கும், பென்சிலின் ஒவ்வாத நோயாளிகளுக்கும் இதே மருந்தை மாத்திரையாகவும் ஊசியாகவும் வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். வாலிபன் கன்னத்தில் தடவுவதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் கிழவரின் நரம்பில் ஏற்றுவதும் ஒரே மருந்துதான் என்பதை மறக்கலாகாது.

இம்மருந்தை நீண்ட நாள் தனியாகப் பூசினால் என்ன நிகழும்? கொங்கு நாட்டு விவசாயிக்கு இதை விளக்கப் பெரிய சாஸ்திரம் வேண்டுவதில்லை. பருத்திக் காட்டில் வருஷந்தோறும் ஒரே பூச்சி மருந்தை அடித்தவன், சில வருஷங்களுக்குப் பின் அதே மருந்தைக் குடம் குடமாக அடித்தாலும் காய்ப்புழு சாகாமல் நின்றதைத் தன் கண்ணாலேயே கண்டிருக்கிறான். முதல் ஆண்டு தப்பிய சில புழுக்களின் சந்ததியே பின்னர் காடு முழுவதையும் ஆக்கிரமித்தது. முகத்திலும் இதுவே நடக்கிறது. மருந்துக்கு வளையும் கிருமிகள் மடிகின்றன, வளையாதவை பெருகுகின்றன. சில மாதங்களில் அம்முகத்தில் குடியிருப்பவை யாவும் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகளாகவே ஆகிவிடுகின்றன. பிறகு குழாய் குழாயாகப் பிதுக்கிப் பூசினாலும் பயனில்லை.

இது ஊகமன்று. பருவுக்கு ஆண்டிபயாட்டிக் பூசும் வழக்கம் பரவிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1970-களின் இறுதியில், எதிர்ப்புப் பெற்ற பருக்கிருமிகள் கண்டறியப்பட்டன. எரித்ரோமைசினை எதிர்க்கக் கற்ற கிருமி பெரும்பாலும் கிளிண்டாமைசினையும் எதிர்க்கிறது. பூசப்படும் மருந்து பருக்கிருமியை மட்டும் தேடிச் சென்று தாக்குவதன்று. தோலிலும் மூக்கின் துவாரத்திலும் வசிக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் முதலிய வேறு கிருமிகளும் அதற்கு இலக்காகி, எதிர்க்கும் வித்தையைக் கற்றுக்கொள்கின்றன. புண்ணிலும் ரத்தத்திலும் புகுந்து உயிருக்கே உலை வைக்கக் கூடியவை அவை. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபோது செய்த பிரசங்கத்திலேயே, கடையில் யாரும் வாங்கக்கூடிய காலம் வந்து, அறியாதவன் போதாத அளவில் உபயோகித்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவை ஆகிவிடும் என்று எச்சரித்தார். அவர் அஞ்சிய காலம் நமது கடைத்தெருவில் வந்து வெகு நாளாகிறது.

“என் முகம், என் கிருமி, மற்றவர்களுக்கு என்ன?” என்று ஒருவர் கேட்கக்கூடும். கிருமிகளுக்கு எல்லைக் கல் கிடையாது. பருவுக்கு ஆண்டிபயாட்டிக் பூசிக்கொள்வோருடன் ஒரே வீட்டில் வசிப்பவர்களின் தோலிலும் எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் காணப்படுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். திருப்பூர் பனியன் தொழிற்சாலைகளின் விடுதிகளில் ஓர் அறையில் பலர் சேர்ந்து படுத்து, ஒரு துண்டைப் பலர் உபயோகிக்கும் நிலையில், ஒருவன் வளர்த்த கிருமி அடுத்தவனுக்குப் போகாது என்று யார் உறுதி கூற முடியும்? மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதிலும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக மாண்டதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. இவ்வளவுக்கும் பருக் களிம்பே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அது மிகைப்படக் கூறுவதாகும். பெருவெள்ளத்தில் அதுவும் ஒரு வாய்க்கால். மற்ற வாய்க்கால்களைப் போலன்றி, இதை அடைப்பது நம் கைக்கு எட்டிய காரியம்.

நிற்க. மருந்தே வேண்டாம் என்பது நமது கட்சியன்று. முறையாக உபயோகிப்பது எவ்வாறு என்பதை இனிக் கூறுவோம்.

முதலாவது விதி, ஆண்டிபயாட்டிக்கைத் தனியாகப் பூசலாகாது என்பது. பருவுக்கு நான்கு காரணங்கள் உண்டென்று மேலே கூறினோம். கிளிண்டாமைசின் கிருமியையும், ஓரளவு அழற்சியையும் மட்டுமே கவனிக்கும், அடைப்பை நீக்காது. ஆகவே பென்ஸாயில் பெராக்ஸைடு என்ற மருந்தை அதனுடன் சேர்த்துக் கொடுப்பது உலகெங்குமுள்ள தோல் வைத்தியர்களின் வழக்கம். இது ஆண்டிபயாட்டிக் அன்று. பிராணவாயுவின் வேகத்தால் கிருமியைக் கொல்வது. இதை எதிர்க்கக் கிருமிகள் இதுவரை கற்றதாகத் தெரியவில்லை. இரண்டும் சேரும்போது ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றுக்கு இரையாகிறது. அடைப்பை நீக்க அடாபலீன் போன்ற மருந்தை இரவில் பூசுமாறு வைத்தியர் சொல்வதும் உண்டு. சிறு பருக்கள் சில மட்டுமே உள்ளவர்களுக்கு ஆண்டிபயாட்டிக் வேண்டியதேயில்லை; மற்ற மருந்துகளாலேயே பெரும்பாலும் குணம் காணலாம்.

இரண்டாவது விதி கால வரம்பைப் பற்றியது. எந்தப் பரு மருந்தும் மூன்று நாளில் முகத்தை மாற்றிவிடாது. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் வரை செல்லும். இதையறியாத வாலிபன் ஒரு வாரம் பூசி, பலன் இல்லையென்று எறிந்துவிட்டு, மற்றொன்றை வாங்குகிறான். வேறொருவன் பலன் கண்டபின் அதை விட அஞ்சி வருஷக்கணக்காகப் பூசுகிறான். இரண்டும் பிழை. ஆண்டிபயாட்டிக் பூச்சைச் சுமார் 12 வாரத்துடன் நிறுத்திவிட்டு, அதன் பின் மற்ற மருந்துகளால் குணத்தைக் காத்துக்கொள்வதே தக்க முறையென்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பூசும் முறை. மிருதுவான சோப்பினால் முகத்தைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தியபின், மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். பருவின் தலையில் மட்டும் பொட்டுப் போல வைப்பது பயன் தராது. பரு வரும் இடம் முழுவதிலும் பூசவேண்டும். அதற்காகக் கனமாக அப்புவதும் கூடாது. அதிகம் பூசினால் விரைவில் குணமாகும் என்பது மயக்கம். எரிச்சலும் உரிதலுமே மிச்சமாகும். கண், உதடு, மூக்கின் உட்புறம் ஆகியவற்றில் படாமல் காத்து, பூசியபின் கையைக் கழுவ வேண்டும். பருவைக் கிள்ளுவதும் நசுக்குவதும் வடுவுக்கு விதை ஊன்றுவதாகும். ஈரோட்டு மஞ்சளின் பெருமையை நாம் அறிவோம். ஆயினும் மருந்து பூசிய முகத்தில் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் பற்பசையும் மாற்றி மாற்றி அப்பினால் புண்ணாவதே பலன். அடாபலீன், பென்ஸாயில் பெராக்ஸைடு பூசுவோர் கோடை வெயிலில் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். பென்ஸாயில் பெராக்ஸைடு சாயத்தை வெளுக்கும் தன்மையுடையதாதலால், சாயப் பனியனிலும் தலையணை உறையிலும் பட்டால் நிறம் போய்விடும் என்பதையும் திருப்பூர்வாசிகள் நினைவில் வைப்பார்களாக. குழாயை வெயிலில் நிறுத்திய வண்டியிலும் அடுப்பருகிலும் வைக்கலாகாது.

நான்காவது, எச்சரிக்கைகள். குடலில் புண்ணும் அழற்சியும் உடையவர்களும், முன்பு ஆண்டிபயாட்டிக் உட்கொண்டு கடுமையான வயிற்றுப்போக்குக்கு உள்ளானவர்களும் கிளிண்டாமைசினைப் பூசுவதற்கு முன் அவசியம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பூச்சு மருந்து உடலுக்குள் புகுவது சொற்பமே; ஆயினும் பூசும் காலத்தில் கடுமையான பேதியோ, ரத்தம் கலந்த பேதியோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரைப் பார்க்க வேண்டும். இது அரிதாக நேர்வது. நேர்ந்தால் அலட்சியம் கூடாது. எரித்ரோமைசின் களிம்பை இதனுடன் சேர்த்துப் பூசலாகாது. ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாமாக எந்தப் பரு மருந்தையும் தொடங்கக்கூடாது. பெரிய கட்டிகளாகவும் வடுவாகவும் மாறும் பருவுக்கும், மாதவிலக்கு ஒழுங்கின்மையோடு சேர்ந்து பெண்களுக்கு வரும் பருவுக்கும் பூச்சு மருந்து மட்டும் போதாது. வைத்திய பரிசோதனை வேண்டும். தனக்கு எழுதிக் கொடுத்த குழாயைத் தோழனுக்குக் கொடுப்பது தருமமாகாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தீமை ஒன்று உண்டு. பருவுக்கென்று கேட்பவனுக்குச் சில இடங்களில் ஸ்டீராய்டும் ஆண்டிபயாட்டிக்கும் படைக்களிம்பு மருந்தும் கலந்த கதம்பக் களிம்பு கொடுக்கப்படுகிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் சில நாளில் அடக்கி, முகத்தை வெளுப்பாகவும் காட்டும். வாங்கியவன் மகிழ்ந்து மீண்டும் வாங்குகிறான். மாதங்கள் செல்லத் தோல் மெலிகிறது. ரத்த நாளங்கள் வெளியில் தெரிகின்றன. பூச்சை நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிகிறது. பருவோ முன்னிலும் அதிகமாகப் புறப்படுகிறது. நமது நாட்டுத் தோல் வைத்தியர்கள் பல ஊர்களில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2011-ல் வெளியாயிற்று. முகத்தில் தோல் வியாதியோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்ததில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களில் 104 பேர் அதைப் பருவுக்காகப் பூசியவர்கள். 126 பேர் முகம் வெளுக்கவும் பொதுப் பூச்சாகவும் பூசியவர்கள். டாக்டர் அல்லாதவர் சொல்லிப் பூசியவர்கள் 257 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தீய பலனை அனுபவித்தனர். அத்தீய பலன்களில் முதன்மையானது எதுவென்றால், பருவே! நோய்க்கென்று பூசிய மருந்தே நோயை வளர்த்தது.

1947-ல் வெள்ளையர் ஆட்சி நீங்கிற்று. வெள்ளைத் தோலை வணங்கும் மனோபாவம் நீங்கவில்லை என்பதற்கு இக்கணக்கைக் காட்டிலும் சான்று வேண்டுமோ? கரிசல் மண்ணிலும் செம்மண்ணிலும் உழைத்து வெயிலில் கறுத்த மேனியை இழிவாக நினைக்கக் கற்றுக்கொடுத்த அடிமைப் புத்தியே இந்தக் கதம்பக் களிம்பின் பெரிய தரகன்.

சட்டம் என்ன செய்கிறது என்று வாசகர்கள் கேட்பார்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும், 1945-ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. டாக்டரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளுக்கு அவ்விதிகளில் ‘எச்’ என்ற பட்டியல் உண்டு. ஆனால் அப்பட்டியலின் அடிக்குறிப்பில், வெளியே பூசும் மருந்துகளுக்கு விலக்கு அளித்து எழுதப்பட்டது. முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதையாயிற்று. தோல் வைத்தியர் சங்கத்தார் பல ஆண்டுகள் போராடியதன்மேல், 2018-ல் 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகள் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆண்டிபயாட்டிக்குகளின் வரலாறும் இத்தகையதே. 2012 ஆகஸ்டு 24-ந் தேதி சென்னையில் கூடிய வைத்திய சங்கங்கள், ஆண்டிபயாட்டிக் விற்பனைக்கு வரம்பு வேண்டுமென்று ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. அடுத்த ஆண்டு மத்திய சர்க்கார் ‘எச்1’ என்ற புதிய பட்டியலை வெளியிட்டு, 2014 மார்ச்சு 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தனர். அதன்படி வாங்குவோர் பெயரையும் எழுதிக்கொடுத்த டாக்டர் பெயரையும் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும். அப்பட்டியலிலும் கண், காது, மூக்குக்கான மருந்துகள் நீங்கலாகப் பூச்சு மருந்துகளுக்கு விலக்கு எழுதப்பட்டது. வாய்வழி சென்றால் ஆபத்து, தோல்வழி சென்றால் ஆபத்தில்லை என்ற இந்தப் பாகுபாட்டைக் கிருமிகள் ஒப்புக்கொள்ளவில்லை.

சர்க்கார் மனம் வைத்தால் முடியாததில்லை. உயிர் காக்கும் கடைசி மருந்துகளுள் ஒன்றான கொலிஸ்டினைக் கோழிகளின் தீனியில் கலக்கும் வழக்கத்தை 2019 ஜூலையில் மத்திய சுகாதார இலாகா தடை செய்தது. நாமக்கல்லிலும் பல்லடத்திலும் கோழிப்பண்ணை நடத்துவோர் அத்தடைக்கு உட்பட்டவர்களே. கோழித் தீவனத்திலிருந்து மனிதர் மருந்தைக் காக்க முடிந்த சர்க்காருக்கு, முகக் களிம்பிலிருந்து அதைக் காப்பது அரிதாகுமா? பூசும் ஆண்டிபயாட்டிக்குகளைச் சீட்டின்றி விற்கலாகாதென்று தெளிவாக விதி செய்வதும், செய்த விதியை மருந்து இன்ஸ்பெக்டர்கள் நடைமுறையில் கொண்டுவருவதும் அவசியம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நாட்கூலி வாங்கும் தொழிலாளி பருவுக்காகத் தோல் டாக்டருக்குப் பீஸ் கொடுக்க முடியுமா, ஏழைக்கு மருந்துக் கடைக்காரர்தானே வைத்தியர் என்று கேட்கிறார்கள். கோயமுத்தூரில் 1966 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் புதிய மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. எனினும் பகலில் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது; இதை மறுக்க முடியாது. ஆகவே கடைக்காரரை மட்டும் கண்டிப்பதில் பயனில்லை. தொழிலாளர் மிகுந்த ஊர்களில் மாலையிலோ வார விடுமுறை நாளிலோ தோல் சிகிச்சைப் பிரிவைத் திறந்து வைக்குமாறு ராஜ்ய சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். வழியை அடைப்பவர்கள் வேறு வழியைத் திறக்கவும் கடமைப்பட்டவர்கள். சீட்டைக் கேட்டு, இல்லையெனில் வைத்தியரிடம் அனுப்பும் நேர்மையான கடைக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். விற்பனை குறைந்தாலும் தொழில் தருமத்தைக் காக்கும் அவர்களைப் பாராட்டுகிறோம்.

மற்றொரு குறை நம் மனத்தை வருத்துவது. களிம்புக் குழாயின் மேலும் அதனுள் மடித்து வைத்த துண்டுத் தாளிலும் உள்ள எச்சரிக்கைகள் பெரும்பாலும் இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அச்சிடப்படுகின்றன. சீட்டின்றி வாங்கக்கூடாத மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும், அதைப் பாருங்கள் என்று 2016-ல் மத்திய சர்க்கார் பிரசாரம் தொடங்கினர். கோடு நல்லதே, ஆனால் கோடு பேசாது. தாய்மொழியே பேசும். வைத்திய சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல இயலாது என்பார்க்குக் கொங்கு நாடே விடை கூறியிருக்கிறது. திருப்பூரில் பிறந்து சென்னை ராஜதானியின் கல்வி மந்திரியாக இருந்த ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் தலைமை வகித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், ஸ்ரீ பெ. தூரனைப் பிரதம ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. உலகத்துச் சாஸ்திரங்களையெல்லாம் தமிழில் சொல்ல அவர்களால் முடிந்ததென்றால், “12 வாரத்துக்கு மேல் பூசாதே, பேதி கண்டால் நிறுத்து” என்ற இரண்டு வாக்கியத்தைத் தமிழில் அச்சிட மருந்துக் கம்பெனிகளால் முடியாதா? தமிழில் மட்டுமன்று, திருப்பூரில் உழைக்கும் ஒரியா, பீகார்த் தொழிலாளிகளும் மனிதர்களே. அவர்களுக்குத் தெரிந்த மொழியிலும் அது எட்ட வேண்டும்.

சட்டம் வரும் வரை நாம் சும்மா இருப்பதா? இங்கேதான் பொதுஜன ஊழியர்களின் கடமை தொடங்குகிறது. 1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் அடியுண்டு உயிர் நீத்த குமரனின் ஊர் திருப்பூர். அன்று ஊழியர்கள் கள்ளுக்கடை வாயிலிலும் அந்நியத் துணிக்கடை வாயிலிலும் நின்று, வாங்க வந்தவனைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்று மருந்துக் கடை வாயிலில் மறியல் வேண்டியதில்லை. மருந்துக் கடை நமக்கு வேண்டிய கடை. வேண்டியது வாங்குகிறவனிடம் நான்கு வார்த்தை பேசுவதே. தொழிற்சங்கக் கூட்டத்திலும், கல்லூரி விடுதியிலும், நூல் நிலையத்திலும் இவ்விஷயத்தை எடுத்துச் சொல்லலாம். காந்தி ஜயந்தியன்று கூடும் கிராம சபைகளில், சீட்டின்றி ஆண்டிபயாட்டிக் விற்கலாகாதென்றும் மருந்துக் குறிப்புகள் தமிழில் வேண்டுமென்றும் தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்பலாம். பெற்றோர்களும் ஆசிரியர்களும் பருவினால் வாடும் பிள்ளையைப் பரிகசியாமல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றாலே பாதித் தொண்டு முடிந்தது.

சுயராஜ்யம் என்பது பிறரை ஆட்சியிலிருந்து நீக்குவதோடு முடிவதன்று. தன்னைத் தான் ஆள்வதுமாகும். கண்முன் கிடைப்பதையெல்லாம் பூசிக்கொள்ளும் ஆசையை அடக்கி, பொதுச் சொத்தாகிய மருந்தை வேண்டிய போது, வேண்டிய அளவு, வேண்டிய காலம் மட்டும் உபயோகிப்பது அவ்வாட்சியின் ஒரு சிறு பகுதியேயாம். பெரிய தியாகங்களைச் செய்த கொங்கு நாட்டார் இச்சிறு கட்டுப்பாட்டையும் மேற்கொள்வார்கள் என்றும், அதிகாரிகள் விதிகளிலுள்ள ஓட்டையை விரைவில் அடைப்பார்கள் என்றும் நம்புகிறோம்.